கடித்த அட்டைப் புத்தகம்

ஏப்ரல் 6, ஞாயிறு

செவ்வந்தி வந்து மூன்றாவது நாள். வயது ஒன்றேமுக்கால். குழந்தைகள் இல்லத்தில் வைத்த பெயரையே வைத்துக்கொண்டோம். இவருடைய பெரியம்மாவுக்கு அதில் மனத்தாங்கல். "இந்த வீட்டுக்குப் பிள்ளை வரணும்னு மலைக்கோட்டைக்கு வாழைத்தார் நேர்ந்துகிட்டவ நானு, பேரு வைக்கிறது வேற யாரோவா?" என்று போனில் கேட்டார்.

அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தோம். அழவில்லை. இவரிடம் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டாள். மீசையைப் பிடித்து இழுக்கிறாள், இவரும் 'ஆ ஊ' என்று கத்தி ஆர்ப்பாட்டம் செய்கிறார். என்னை மட்டும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். முன்னாலேயே முகம் பழகட்டும் என்று இல்லத்தில் கேட்டதால், எங்கள் போட்டோ சிலவற்றை இவர் ஜனவரியிலேயே செல்போனில் அனுப்பினார். பழகினதாகத் தெரியவில்லை.

அவளோடு வந்த சொத்து இரண்டு கவுன், ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு அட்டைப் புத்தகம். புத்தகத்தைக் கையைவிட்டு இறக்குவதில்லை. குளிக்கும்போதுகூட அது வாளிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

புத்தகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக்கூடாது. பள்ளிக்கூட நூலகத்தில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் புத்தகம் பொறுக்குகிறவள், சொல்லாமலும் இருக்க முடியவில்லை. மேல் அட்டையில் குடை பிடித்த வாத்து. அச்சு நகர்ந்து, அலகு ஒரு பக்கம், வாத்து ஒரு பக்கம். மூலைகளைக் கடித்துக் கூழாக்கியிருக்கிறாள். நடுப் பக்கங்கள் பால் கொட்டிக் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. கிட்டப் போனால் புளித்த வாடை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஜூன் மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை திறக்கிறார்கள். அதற்கான அட்டைப் புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. நான் லீவில் இருப்பதால் சாம்பிள் பெட்டிகள் வீட்டுக்கே வந்துவிட்டன. "வீட்டுலயே ஒரு வாசகி இருக்காங்களே மேடம், ரொம்ப வசதி" என்றார் பிரின்சிபால்.

எனக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் புத்தகத்தை மோந்து பார்ப்பேன். பிறகு ஈரக் கைக்குட்டையால் படத்தைத் தேய்ப்பேன். சாயம் ஒட்டினால் அது வந்த வழியே திரும்பிப் போகும். பிள்ளை புத்தகத்தை வாயில்தான் முதலில் படிக்கும் என்பது பாதிப் பதிப்பாளர்களுக்குத் தெரியாது. பக்கத்துக்கு ஒரு படம் போதும். இன்று வந்த ஒன்றில் பக்கம் முழுக்க ஒரு மாட்டுச் சந்தையே நிற்கிறது. இன்னொன்றில் பன்றி ரோஜா நிறம். ரயில்வே லைன் ஓரம் மேய்கிற எங்கள் ஊர்ப் பன்றியைப் பார்த்தால் அந்தப் பிள்ளை அதை எருமைக் கன்று என்று சொல்லும்.

ஆனால் ஒன்று. எல்லாப் பக்கத்தையும் திறந்து பார்க்காமல் எந்தப் புத்தகத்தையும் நான் ஒதுக்கியதில்லை. இது விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் தெரியும். என்னிடம் வருவதற்கு முன் டீ குடித்துவிட்டுத்தான் வருவார்கள்.

செவ்வந்திக்கு முன்னால் நல்லதாகப் பார்த்துப் பரப்பி வைத்தேன். அணில், காக்கா, தோசைக்கல், ஆட்டோ. எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு நடந்துபோய் வாத்தை எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 9, புதன்

இட்லி தின்றாள். பால் குடித்தாள். என் மடியில் உட்காரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று பார்த்துவிட்டேன்.

மத்தியானம் தூங்குவதற்கு முன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் வாயை வைத்தாள். கடிக்கிறாள் என்று நினைத்தேன். கடிக்கவில்லை, முத்தம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு "ம்மா" என்றாள். இங்கே வந்ததிலிருந்து அவள் வாயில் நான் கேட்ட ஒரே வார்த்தை.

கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். வாத்துக்கு மேல் யாரோ ஒரு பெண்ணின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். எச்சில் பட்டுப் பட்டு முகம் இருந்த இடம் வெறும் வெள்ளையாகிவிட்டது. பச்சைச் சேலை மட்டும் தெரிந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் படக்கென்று மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

இல்லத்தில் ஆயாக்களுக்குப் பச்சைச் சேலைதான். செவ்வந்தியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கையில் கொடுத்த மேரியம்மாவும் பச்சைதான் கட்டியிருந்தார். கொடுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷி. அதற்காகத் தன் படத்தை ஒட்டியா கொடுத்துவிடுவார்?

இவரிடம் ராத்திரி சாப்பாட்டின்போது, அந்தப் புத்தகத்தில் கிருமி இருக்கும், வாயில் வேறு வைக்கிறாள் என்றேன். "அது பாட்டுக்கு வச்சிருக்கட்டும் விடு மங்கை. அதுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றார். நான் கிருமியைப் பற்றித்தான் பேசினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பெரியம்மா, மகன், மருமகள், பேரன் பிரணவ் எல்லோரும் வந்தார்கள். மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். செவ்வந்திக்குப் பட்டுப் பாவாடை நன்றாக இருந்தது. பெரியம்மாவே திருஷ்டி கழித்தார். பெயர்க் கோபம் போய்விட்டது.

பிறகு அவளைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, "எங்கடி தங்கம், அம்மா எங்க? அம்மாவக் காட்டு பாப்போம்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வடைத் தட்டோடு நின்றிருந்தேன். செவ்வந்தி கையிலிருந்த புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"பாருடா, புக்கு மேடம் பொண்ணுக்குப் புக்குதான் அம்மாவாம்!" என்று பெரியம்மா சொல்ல, கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வடை இன்னும் வேண்டுமா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். பெறாத மனத்துக்குப் பழமொழி ஏதும் இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

வீட்டை ஒழுங்கு செய்தேன். நேற்றைய இலைகள், எண்ணெய்க் காகிதம், கிழிந்த மிதியடி எல்லாவற்றையும் கழித்துக் கட்டினேன். அந்தப் புத்தகத்தையும்தான். எந்த டாக்டரைக் கேட்டாலும் அதைத்தான் செய்யச் சொல்வார்.

பாய் ஓரம் கிடந்தது. எடுத்தேன், சமையலறைக் குப்பை டப்பாவில் போட்டேன், மேலே வாழைக்காய்த் தோலைப் போட்டு மூடினேன். திரும்பினால் கதவருகே செவ்வந்தி நின்றுகொண்டிருந்தாள். இப்போதுதான் எழுந்து வந்திருப்பாள். கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது, டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 16, புதன்

கட்டிலுக்கு அடியில், பீரோ இடுக்கில், இவருடைய ஷூவுக்குள் எல்லாம் தேடுகிறாள். அழுதால்கூடப் பரவாயில்லை. அழாமல் தேடுகிறாள்.

"அந்தப் புக்கு எங்க மங்கை?" என்றார் இவர். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: "பிரணவ் எடுத்துட்டுப் போயிருப்பான். அன்னைக்கு அவன்தான் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்துக்கிட்டிருந்தான்."

இவர் விடுவாரா? உடனே போன் போட்டார். பெரியம்மா வீட்டில் அந்தப் பையனின் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். இல்லை என்றதும் பொய் சொல்கிறான் என்று அவன் அம்மா முதுகில் இரண்டு வைத்தாளாம். பெரியம்மாவே போனில் சொன்னார்.

மோர் சாதத்தைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

சாம்பிள் பெட்டிகள் எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு இல்லை, இவளுக்கு. தொட்டால் சொரசொரக்கும் முதலை, மூடியைத் தூக்கினால் எட்டிப் பார்க்கும் பூனைக்குட்டி, அமுக்கினால் 'கீ கீ' என்கிற ரயில். சத்தம் போடும் புத்தகங்களை நான் இத்தனை வருஷம் நூலகத்துக்குள் விட்டதில்லை. இன்று தரையில் உட்கார்ந்து நானே கீ கீ என்று அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மாக் குரங்கும் குட்டியும் உள்ள ஒரு புத்தகம் உண்மையிலேயே அழகு. கோடு சுத்தம், நிறம் சுத்தம், பக்கத்துக்கு ஒரே வரி. அதை எடுத்து விரித்து, "அம்மா பாரு, பாப்பா பாரு" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. செவ்வந்தி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

குப்பை டப்பாவின் மூடியைத் திறப்பதும் உள்ளே பார்ப்பதும் மூடுவதும் அவளுக்கு இப்போது ஒரு விளையாட்டு. மிதித்தால் திறக்கிற டப்பா அல்லவா, பிள்ளைகளுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். டப்பாவை எடுத்து மேடை மேல் வைத்தேன். பிறகு, எதற்கு என்று தோன்றியது. கீழேயே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தெப்பக்குளத் தெரு நடைபாதைக் கடையில் அதே வாத்துப் புத்தகம் கிடைத்தது. ஜட்டி, சீப்பு, கிலுகிலுப்பைக்கு நடுவில் கிடந்தது. அதே நகர்ந்த அலகு. காலையிலிருந்து அலைந்து கால் வீங்கிவிட்டது. நூலகத்தில் ஒரு மூலையில்கூட வைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கக்கூடிய புத்தகத்தைக் கையில் எடுத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரர், "வெயில்ல நிக்காதீங்கம்மா, இப்படி நெழல்ல வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் கையில் கொடுத்தேன். முகம் ஒருகணம் மலர்ந்தது. அது பொய் இல்லை, நான் பார்த்தேன். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கே வாத்து குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குள் போகிறது. மூடிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். கடையில் காய் சொத்தையாக இருந்தால் நாம் திருப்பிக் கொடுப்போமே, அப்படி.

தப்பு செய்துவிட்டேன். அந்த ஆயாவின் படம் இருந்தால்தான் எனக்கு என்ன போயிற்று? அவளுக்கு ஒரு முகத்தைப் பிடித்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். கிருமி, வாடை எல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்டது. இவரிடம் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

சொல்லவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

இல்லத்திலிருந்து பிலோமினா வந்திருந்தார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்த்து அறிக்கை எழுதும் சமூகப் பணியாளர். இவர் ஆபீசுக்குப் போயிருந்தார். செவ்வந்தியின் எடை, தடுப்பூசி, தூக்கம் எல்லாம் கேட்டார். நான் சரியாகச் சொன்னேன். காபி குடித்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தவர், "புக்கு எங்க மேடம்? பாப்பா அதக் கையவிட்டு இறக்காதே?" என்றார்.

"எந்தப் புக்கு?"

"அதான் மேடம், வாத்துப் புக்கு. நீங்க அனுப்பின போட்டோவெல்லாம் அதுலதானே ஒட்டிக் குடுத்தோம். ஆல்பம் குடுத்தா பிள்ளைங்க கிழிச்சிடும். அதனால பழைய அட்டைப் புக்குல ஒட்டிடுறது எங்க வழக்கம். சாரோட படம் நடுப் பக்கத்துல. பாலைக் கொட்டி அதை ஒட்ட வச்சிடுச்சு. உங்க படம் கடைசிப் பக்கம், பச்சை சேலையில."

என்னிடம் பச்சைச் சேலையே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தூங்க வைக்கிறப்ப மேரியம்மா தினம் அதத்தான் காட்டும். 'இது யாரு? அம்மா. அம்மா வரும், பாப்பாவத் தூக்கிட்டுப் போகும்'னு. இது முத்தம் குடுத்துக் குடுத்து உங்க மூஞ்சியே அழிஞ்சு போச்சு! சாதா பிரின்ட்தானே மேடம், ஈரம் தாங்கல. பாத்திருப்பீங்களே?"

"பார்த்தேன்" என்றேன்.

"வேற பிரின்ட் போட்டுத் தரேன்னேன். மேரியம்மாதான் வேண்டாம், முழு மூஞ்சியோட நேர்லயே வரப்போறாங்கள்லன்னுச்சு." பிலோமினா சிரித்துவிட்டு, "புக்கு பத்திரமா இருக்குல்ல?" என்றார்.

"உள்ள வச்சிருக்கேன். அவளுக்குன்னு ஒரு ஞாபகம் இருக்கட்டுமேன்னு."

"ரொம்ப நல்ல காரியம் மேடம்." அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு கதவைத் தாழிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். மூன்று மாசமாக ஒரு பிள்ளை என் முகத்துக்கு முத்தம் கொடுத்துக் கொடுத்து அதை அழித்திருக்கிறது. வருவேன் என்று நம்பியிருக்கிறது. வந்தேன். வந்து, அவள் வைத்திருந்த அம்மாவைத் தூக்கி வாழைக்காய்த் தோலுக்கு அடியில் போட்டேன். புத்தகத்தை மோந்து பார்த்தேன், தேய்த்துப் பார்க்கவும் தெரியும், ஒட்டிக் கிடந்த நடுப் பக்கத்தைப் பிரித்துப் பார்க்கத் துப்பில்லை. நான் புத்தகம் தேர்ந்தெடுக்கிறவளாம்!

செவ்வந்தி கொஞ்ச நேரம் என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். பிறகு ரயில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இல்லத்துக்கு என்னென்ன போட்டோ அனுப்பினீர்கள் என்று இவரிடம் கேட்டேன். செல்போனை நீட்டினார். நாத்தனார் சிவகாமி வீட்டுக் காதுகுத்து. அன்று பந்தியில் என் சேலை மேல் ரசம் கொட்டிவிட்டது, அவள் சேலையை வாங்கிக் கட்டியிருந்தேன். பாசிப் பச்சை. யாரோ பின்னாலிருந்து எதற்கோ கூப்பிட, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே திரும்புகிறேன்.

"உன் போட்டோலயே இது ஒண்ணுலதான் நீ சிரிச்சிருந்த. மத்ததுல எல்லாம் லைப்ரரி புக்கத் திருப்பிக் குடுக்காத பையனப் பாக்குற மாதிரியே பாக்குற" என்றார். பிறகு, "ஏன் கேக்குற?" என்றார்.

சும்மாதான் என்றேன்.

மே 2, வெள்ளி

பிலோமினா போன் செய்தார். அடுத்த வாரம் இல்லத்தில் தத்தெடுக்கப் புதிதாகப் பதிவு செய்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு கூட்டமாம். "அந்தப் புக்கை ஒரே ஒரு நாள் குடுங்க மேடம். வார்த்தையில சொல்றதவிட அதக் காட்டுனா புரிஞ்சுக்குவாங்க. திங்கக்கிழமை நானே வந்து வாங்கிக்கிறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் தெரியவில்லை. ஒரு பொய் சொன்னவளுக்கு அடுத்தது தானாக வருகிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே அடுத்த காரியத்துக்கு யோசனையும் சொல்கிறது.

மே 3, சனி

அந்தப் படத்தை இவருடைய செல்போனிலிருந்து எனக்கு அனுப்பிக்கொண்டு, ஜெராக்ஸ் கடையில் கலர் பிரின்ட் போட்டேன். நடைபாதைக் கடை வாத்துப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டினேன். இவர் படத்தை நடுவில் ஒட்டிப் பாலை ஊற்றி மூடினேன். பழசாக்குவது எப்படி என்று எனக்குத் தெரியாதா? எத்தனை புத்தகம் பிள்ளைகளிடமிருந்து திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். முதுகை மடக்கி உடைத்தேன். தரையில் தேய்த்தேன்.

மூலைகள்தான் சரியாக வரவில்லை. கத்தியால் சுரண்டினால் சுரண்டியதுபோல் இருக்கிறது. கடைசியில் வாயில் வைத்துக் கடித்தேன். சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, இந்த வயதில், ஒவ்வொரு மூலையாகக் கடித்து மென்றேன். பசையும் மசியும் நாக்கில் ஒட்டிக்கொண்டன.

பிறகு முகம். ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தேன். கடைக்காரன் நல்ல மிஷினில் போட்டுக் கொடுத்துவிட்டான். எவ்வளவு தேய்த்தும் நான் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

காய்வதற்கு ஜன்னலில் வைத்திருக்கிறேன். படம் மட்டும் புதுசாக ஒட்டினோம் என்று பிலோமினாவிடம் சொல்லிக்கொள்ளலாம். செவ்வந்தியும் வாங்கிக்கொள்வாள். இந்தத் தடவை படம் இருக்கிறது, முழு முகத்தோடு. யார் கண்டது, எல்லாம் சரியாகிவிடலாம்.

மே 4, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் இவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலிலிருந்து புத்தகத்தை எடுத்துச் செவ்வந்தியிடம் கொடுத்தேன். "அட, கிடைச்சிடுச்சா? எங்க இருந்துச்சு?" என்றார் இவர். பீரோவுக்குப் பின்னால் என்றேன். "பாவம் அந்தப் பிரணவ்" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினார்.

செவ்வந்தி தரையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். பச்சைச் சேலை மேல் விரலை வைத்தாள். விரல் மெல்ல மேலே போய் முகத்தில் நின்றது. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தை. மறுபடி என்னை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் படத்தில் சிரிப்பதுபோலவே சிரிக்க முயன்றேன்.

"ம்மா" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். இவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, எட்டிப் படத்தைப் பார்த்தார்.

நான் கையை நீட்டினேன். அவள் வரவில்லை. எழுந்து, புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தத்தித் தத்திச் சமையலறைக்குப் போனாள். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். டப்பாவை மிதித்துத் திறந்தாள். புத்தகத்தை உள்ளே போட்டாள். பக்கத்தில் முறத்தில் கிடந்த முருங்கைக்கீரைக் காம்புகளில் ஒரு பிடி அள்ளி அதன் மேல் போட்டு மூடினாள். மூடிவிட்டு, செய்தது சரிதானா என்று கேட்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள்.

இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்படியே வாரித் தூக்கிக்கொண்டார். "அடி கள்ளி! அம்மாவப் போயி குப்பையில போடுறியே! அதுவும் மேல கீரைத்தண்டெல்லாம் போட்டு மூடி! யாருடி செல்லம் உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"நான்தான்" என்றேன்.

அதற்கும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று அவருக்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.